தராசு நம் கையில்

(எமது தோட்ட வாசகர் வட்டத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஓய்வு நாள் என்பது பேருக்குத்தான். உடுப்புத் துவைக்கணும், விறகு தேடணும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கணும். வீட்டுப் பக்கத்தில் போட்டிருக்கிற மரக்கறிப் பாத்தியையும் பார்க்கணும். இத்தனை வேலைகளையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இந்தப் பிள்ளைக் காம்பராவில் வந்து கூடியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் எமது நன்றி.

இன்றைக்கு நாம் பெரிய பிரசங்கம் எதுவும் செய்யப்போவதில்லை. உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்கப்போகிறோம். இப்போது நீங்கள் என்ன புத்தகம் படிக்கிறீர்கள்? அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அதை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்விகளோடு லயம் லயமாகப் போனபோது நமக்கு இரண்டு விதமான பதில் கிடைத்தது. முதலாவது, "படிக்க எங்கங்க நேரம்?" என்பது. அது நியாயமான பதில். காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டுகிற ஒரு தாயிடம் "ஏன் புத்தகம் படிக்கவில்லை?" என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது பதில்தான் எமக்குக் கவலை தந்தது. "நாங்க என்ன படிச்சவங்களா, புத்தகத்தைப் பத்தி அபிப்பிராயம் சொல்றதுக்கு? அதெல்லாம் மாஸ்டர்மார் சொல்லணும்" என்றார்கள். இந்த எண்ணம் பிழையானது என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறோம்.

நாள் முழுவதும் மலையில் நின்று பறிக்கிற கொழுந்தை நாம் நிறுப்பதில்லை. தராசு வேறொருவர் கையில் இருக்கிறது. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதும் அவர்தான். அவர் சொல்லுகிற கணக்கைத்தான் நாம் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் ஒரு புத்தகம் நம் கைக்கு வந்துவிட்டால் தராசு நம் கைக்கு வந்துவிடுகிறது. எழுதியவர் எத்தனை பரிசு வாங்கியவராக இருந்தாலும் சரி, அவர் எழுத்து நம் மனசில் எவ்வளவு நிறை நிற்கிறது என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இது நமக்குப் புதிய வேலையுமல்ல. நம் தாத்தா அப்பாயி காலத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை என்று ஊரிலிருந்து வந்த புத்தகங்கள் லயங்களில் இருந்தன. வரிசைக்கு ஒருவர் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவராக இருப்பார். ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்பார்கள். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிற இடத்தில் அழாத பெண்கள் இல்லை. அழுது முடித்த பிறகு என்ன செய்தார்கள்? சண்டை பிடித்தார்கள்! "அண்ணிக்காரிதான் பாவி" என்பார் ஒருவர். "பெத்தவ ஏன் புள்ளைகளைக் கொல்லணும்? கூலி வேலை செஞ்சாவது வளர்த்திருக்கலாமே!" என்பார் இன்னொருவர். "அண்ணன் கொஞ்சம் முன்னாடியே வந்து பார்த்திருக்கணும்" என்பார் மூன்றாமவர். இதற்குப் பெயர்தான் அபிப்பிராயம். நம் பாட்டிமார் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாமலேயே இதைச் செய்தார்கள்.

1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் நம் மக்களுடைய நிலைமையைப் பாட்டாக எழுதி, சிறு புத்தகமாக அச்சடித்துத் தோட்டங்களுக்குள் கொண்டு வந்தார்கள். 1940இல் வெளிவந்த மீனாட்சி அம்மையின் பாட்டுப் புத்தகத்தின் பெயர் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் அவர்கள் பாட்டாக எழுதினார்கள். ஆகவே, நம் சமூகத்தில் புத்தகம் முதலில் காது வழியாகத்தான் வந்தது. காதால் கேட்டவர்களும் வாசகர்களே என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம்மைப் பற்றிய எழுத்து என்று பார்த்தால், ஆரம்பத்தில் அது நமக்காக எழுதப்பட்டதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் பழகுவதற்கு ஒரு கைநூல் அச்சாகியது. அதன் பெயர் 'இங்கே வா'! நம்மை எப்படிக் கூப்பிட வேண்டும், எப்படி வேலை வாங்க வேண்டும் என்று துரைமாருக்குச் சொல்லிக் கொடுத்த புத்தகம். அதிலிருந்து நம் ஆட்களே பேனா எடுத்து எழுதிய காலத்திற்கு வந்து சேர எத்தனையோ வருஷங்கள் ஆகின. அப்படி எழுதப்பட்டதை நாமே படிக்காமல், படித்தாலும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டால் எப்படி?

இனி, நம் வட்டத்தில் இதுவரை வாசித்த சில புத்தகங்களைப் பற்றியும், அவற்றுக்கு இங்கே கிடைத்த அபிப்பிராயங்களைப் பற்றியும் சொல்லுகிறோம். சொன்னவர்களின் பெயர்களைக் குறிப்பிடவில்லை. அவர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

முதலில் வாசித்தது என்.எஸ்.எம். இராமையா எழுதிய 'ஒரு கூடைக் கொழுந்து'. 1980இல் புத்தகமாக வந்த சிறுகதைத் தொகுதி அது. அதே பெயருள்ள கதையில், கொழுந்து பறிக்கிற ஓர் இளம்பெண்ணின் திறமையும் மானமும் அவள் பறித்த கொழுந்தின் நிறையை வைத்துச் சோதனைக்கு வருகின்றன. ஒன்பதாம் தரத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று அதைச் சத்தமாக வாசித்தது. பாதியில் ஓர் அப்பாயி கையை நீட்டி, "நில்லு புள்ள, அந்த எடத்த இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்த பிறகு அவர் சொன்னது இது: "ஒருத்தி கூட எடுத்துட்டான்னு சந்தேகப்படுறதுக்கு முந்தி, எந்த மலை, கவ்வாத்து வெட்டி எத்தன வருஷம், மழை எப்ப பெஞ்சிச்சுன்னு பாக்கணும். கூடைய மட்டும் பாத்தா கொழுந்தோட கத தெரியாது." அந்த அப்பாயிக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் அன்றைக்கு அந்தக் கதைக்கு அவர் சொன்ன விளக்கத்தை எந்த மாஸ்டராலும் சொல்லியிருக்க முடியாது.

அடுத்தது தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே'. இதுவும் சிறுகதைத் தொகுதிதான், 1979இல் வெளிவந்தது. ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் அவர். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. 2022இல் காலமானார். அவருடைய 'மீன்கள்' என்ற கதை, ஒரே லயக்காம்பராவுக்குள் பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் நெருக்கியடித்துப் படுக்கிறதனால் வருகிற வேதனையைச் சொல்லுகிறது. அதை இங்கே வாசிக்கலாம் என்று நாம் எடுத்தபோது, அதை ஏற்கனவே படித்திருந்த ஒரு தகப்பன் எழுந்து, "இத சத்தமா வாசிக்க வேணாங்க. உண்மையான கததான். அதனாலதான் சொல்றேன். பெரியவங்க கையில தனியா குடுங்க, தனியா படிக்கட்டும்" என்றார். நாம் அவர் சொன்னபடியே செய்தோம். புத்தகம் நல்லதா கெட்டதா என்பது மட்டும் அபிப்பிராயமல்ல. அதை யார், எப்படி, எந்த இடத்தில் படிக்கலாம் என்று சொல்லுவதும் அபிப்பிராயம்தான் என்று அன்றைக்கு அவரிடமிருந்து கற்றுக்கொண்டோம். அந்த மாதத்திற்குள் அந்தப் புத்தகம் பதினொரு வீட்டுக்குப் போய் வந்தது.

பிறகு நம் முன்னோர் கடல் கடந்து வந்த கதைகள். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி', திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு வருகிற மருதி என்ற பெண்ணின் கதை. தோட்டப் பெண்கள் மத்தியில் தொழிற்சங்க வேலை செய்த கோகிலம் சுப்பையா எழுதிய 'தூரத்துப் பச்சை' நாவல் 1964இல் வந்தது. இரண்டையும் படித்த ஓர் ஓய்வுபெற்ற கங்காணி ஐயா, "முதல் கதையில வர்ற பாதைய நம்புறேன், தோட்டத்த அவ்வளவா நம்பல. ரெண்டாவதில தோட்டத்த நம்புறேன்" என்றார். அதைக் கேட்ட ஓர் அக்கா விடவில்லை. "தோட்டம் எப்படி இருந்தா என்ன? மருதிக்கு நடந்தது பொய்யில்லையே?" என்று கேட்டார். ஐயா கொஞ்ச நேரம் யோசித்து, "அது பொய்யில்ல தாயி" என்றார். இரண்டு பேரும் சொன்னது அப்படியே பதிவாகியிருக்கிறது. யார் சொன்னது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. நீங்களும் படித்துப் பாருங்கள்.

வால்பாறை மலைத் தோட்டங்களைப் பற்றி டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கிடைக்கிறது. அதைப் படித்த ஒரு தம்பி, "பேரை மாத்தினா நம்ம தோட்டந்தான்" என்று சொல்லிவிட்டு, நீலகிரியில் இருக்கிற தன் பெரியப்பா வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னான். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்து போன குடும்பம் அது. அந்தக் கரையில் இருக்கிறவர்களோடு பேச அவனுக்கு ஒரு புத்தகம் கிடைத்தது.

இப்போது ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் நடந்த கூட்டத்திற்கு, கொழும்பில் உடுப்புக் கடையில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி லீவில் வந்திருந்தார். எல்லோரும் பேசி முடியும்வரை பேசாமல் இருந்தவர், கடைசியில் இப்படிச் சொன்னார்: "எங்களப் பத்தி எழுதினா எப்பவும் அழுகதானா? அடி, பட்டினி, அவமானம், அதத் தவிர எங்ககிட்ட ஒண்ணுமே இல்லையா? கடையில யாரும் கேட்டா நான் தோட்டத்துப் புள்ளன்னு சொல்றதில்ல. ஹட்டன் டவுன்னுதான் சொல்லுவேன். இந்தப் புத்தகங்கள வாசிச்சா இன்னும் சொல்லத் தோணாது."

கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிய ஆளாயிட்டியோ?" என்றுகூட ஒருவர் கேட்டார். நாம் அவரை அமர்த்தினோம். ஏனென்றால் அந்தத் தங்கச்சி சொன்னதும் ஒரு வாசகியின் அபிப்பிராயம்தான். சொல்லப்போனால், அன்றைக்குச் சொல்லப்பட்ட அபிப்பிராயங்களுக்குள் அதுதான் தைரியமானது. நம் எழுத்தாளர்கள் நல்ல மனசோடு எழுதியிருக்கிறார்கள் என்பதற்காக, அதைப் படிக்கிற நம் பிள்ளைக்கு என்ன தோன்றுகிறது என்பதை மூடி வைக்க முடியாது. அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எமது கொப்பியில் எழுதினோம்.

அடுத்த முறை லீவில் வந்தபோது அவர் அலுமாரியிலிருந்து தானாகவே ஒரு புத்தகத்தை எடுத்துப் போனார். தெளிவத்தை ஜோசப் 2010இல் வெளியிட்ட 'குடை நிழல்' நாவல். கொழும்பில் குடும்பத்தோடு வாழ்கிற ஒரு தமிழர் சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போகப்படுவதைச் சொல்லுகிற கதை. திருப்பிக் கொடுக்கும்போது கொப்பியில் அவரே எழுதினார்: "கொழும்பில் வேலை செய்கிறவர்கள் படிக்க வேண்டும். இதில் அழுகை குறைவு, பயம் அதிகம். நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. ஆனாலும் ஒரே நாளில் முடித்தேன்." அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டு, பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரையும், டிவிஷனையும், லயத்தின் இலக்கத்தையும் எழுதியிருந்தார். அப்படி எழுதும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அன்பானவர்களே, நாம் சொல்ல வந்ததெல்லாம் இதுதான். புத்தகம் படித்தால் மட்டும் போதாது. படித்ததைப் பற்றி வாய் திறந்து பேச வேண்டும். பிடித்திருந்தால் பிடித்தது என்றும், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றும் நாலு பேர் முன்னால் சொல்லப் பழகினால், மற்ற இடங்களிலும் பேச வாய் வரும். இன்றைக்கு ஒரு கதையைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லுகிற பிள்ளை, நாளைக்குக் கந்தோரிலும், ஆஸ்பத்திரியிலும், நிறுக்கிற இடத்திலும் தன் நியாயத்தைச் சொல்லத் தயங்காது.

எப்படிச் சொல்லுவது? நம் அனுபவத்திலிருந்து சில வழிகளைக் கூறுகிறோம்.

முதலாவது, புத்தகத்தை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். "இருபதாம் பக்கத்தில் நிற்கிறேன், இன்னும் ஒன்றும் விளங்கவில்லை" என்று சொன்னாலும் போதும். பக்கத்தில் இருக்கிறவர் விளக்கிச் சொல்லுவார்.

இரண்டாவது, "நல்லாயிருக்கு" என்று சொல்லி நிறுத்திவிட வேண்டாம். கொழுந்தைப் பற்றி நாம் அப்படியா பேசுகிறோம்? இரண்டு இலையும் ஒரு குருத்துமா, முத்தலா, தண்ணீர் கட்டியதா என்று பார்த்துத்தானே சொல்லுகிறோம். அதே மாதிரி, எந்த இடம் நல்லது, எந்த ஆள் மனசில் நிற்கிறார், எந்த இடத்தில் நம்பிக்கை வரவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கதை முழுவதையும் சொல்லிவிட வேண்டாம். பாதிக் கதையோடு நிறுத்தினால்தான் மற்றவர் புத்தகத்தைக் கேட்டு வாங்குவார்.

நான்காவது, யாருக்கு ஏற்ற புத்தகம் என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரி புத்தகத்துக்கும் பொருத்தம் இருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்குத் தடித்த நாவலைக் கொடுத்தால் அது புத்தகத்தையே வெறுத்துவிடும். ஒரு சின்னக் கதையைக் கொடுங்கள், தானாக வளரும்.

ஐந்தாவது, இதுதான் மிக முக்கியம். எவர் எதைச் சொன்னாலும் சிரிக்கக் கூடாது. ஒரு முறை சிரித்துவிட்டால் அந்த ஆள் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

பிள்ளைக் காம்பரா அலுமாரியின் பக்கத்தில் ஒரு கொப்பி கயிற்றில் கட்டித் தொங்குகிறது. புத்தகத்தை எடுத்துப் போகிறவர்கள் திருப்பித் தரும்போது அதில் இரண்டு வரி எழுத வேண்டும். எழுத வராதவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். அதில் 'வாசித்தவர்' என்று ஓர் இடமும் 'கேட்டவர்' என்று இன்னோர் இடமும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான்.

"நல்ல புத்தகங்கள் கடையில் கிடைப்பதில்லையே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். மலையகப் புத்தகங்கள் பல அச்சில் இல்லை. ஆனால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. போன் வைத்திருக்கிற தம்பிமார் சிக்னல் கிடைக்கிற இடத்தில் ஒரு புத்தகத்தை இறக்கிக்கொண்டு வந்து, வீட்டில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டலாமே. முன்பு விளக்கு வெளிச்சத்தில் நடந்தது இப்போது போன் வெளிச்சத்தில் நடக்கட்டும்!

கடைசியாக, கேள்வி கேட்ட நாமும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? நாம் இப்போது படிப்பது சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. 1983இல் வந்த புத்தகம். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர் சி.வி. அடுத்த வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. அப்படிப்பட்ட காலத்தில் வாழ்ந்த மனிதர், நம் தாய்மார் வாயில் இருந்த பாட்டுகளைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். பாதிப் புத்தகம் படித்திருக்கிறோம். பிடித்தது என்னவென்றால், யார் பாடினாலும் அதைத் தாழ்வாக நினைக்காமல் பதிந்திருக்கிற மரியாதை. குறையாகத் தோன்றுவது, அச்சில் பாட்டு இருக்கிறது, ராகம் இல்லை. அது எழுதியவரின் குற்றமல்ல, ராகத்தைத் தாளில் வைக்க முடியாது.

யாருக்குக் கொடுக்கச் சொல்லுகிறோம்? மேல் லயத்திலும் கீழ் லயத்திலும் இருக்கிற எமது அம்மாயிமாருக்கு. அவர்கள் படிக்க வேண்டாம். பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். "இப்படியில்ல, நாங்க வேற மாதிரி பாடுவோம்" என்று அவர்கள் நிச்சயம் சொல்லுவார்கள். அப்போது அவர்கள் பாடுவதைக் கொப்பியில் எழுதுங்கள், போனில் ராகத்தையும் பிடித்து வையுங்கள். போன வருஷம் நம்மோடு உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாயிமார் இன்றைக்கு இல்லை. அவர்களோடு எத்தனை பாட்டுப் போனதோ, நாம் கேட்கவில்லை.

அடுத்த மாதம் வரும்போது ஆளுக்கு ஒரு புத்தகத்தோடு வாருங்கள். பாடப் புத்தகமாக இருக்கலாம், சாமிப் புத்தகமாக இருக்கலாம், பழைய வாரமலரில் வந்த ஒரு கதையாகவும் இருக்கலாம். வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை, கேட்பதற்கு வாருங்கள்.

இப்போது தேத்தண்ணி வருகிறது. குடித்துக்கொண்டே பேசுவோம். அந்த முதல் பாயில் இருக்கிற அக்காவிடமிருந்து ஆரம்பிக்கலாம். சொல்லுங்க அக்கா, நீங்க இப்ப என்ன படிக்கிறீங்க?